பொருள் எண் 43

உட்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்கார். காப்பி சாப்பிடுகிறாயா? வேண்டாமா. சரி.

எந்தப் பத்திரிகை என்று சொன்னாய்? மாவட்ட இணைப்பா. பேருந்து நிலையத்தில் வடையை மடித்துக் கொடுப்பார்களே, அதுதானே? கோபித்துக்கொள்ளாதே. நான் எழுதிய கட்டுரைகளிலும் வடை மடித்திருக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இந்த ஊர் செய்கிற மரியாதை அது.

'வாரம் ஒரு வார்டு' என்று எழுதுகிறீர்கள். இந்த வாரம் பதினேழாவது வார்டு. உறுப்பினர் குணவதியின் பின்னணியை எழுத வேண்டும், அதற்கு என்னைப் பார்க்கச் சொல்லி அவளே உன்னை அனுப்பியிருக்கிறாள். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்த வார்டில் நான்கு வாக்கியங்களைத் தடுக்கி விழாமல் சேர்த்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? அது அவளுக்கே தெரிந்திருக்கிறது.

பின்னணி என்கிறாய். அவளுக்கு ஏதம்மா பின்னணி? அவளுக்கு இருந்தது கொல்லைப்புறம். எங்கள் கொல்லைப்புறம். அதைத்தான் சொல்லப்போகிறேன். எழுதிக்கொள்.

உறுப்பினர் ஆவதற்கு முன் அவள் கொசு ஒழிப்புப் பணியாளர். தற்காலிகம். நீலத்தில் ஒரு மேல்கோட்டு, கையில் டார்ச் விளக்கு, ஒரு சாக்கட்டி. வீடு வீடாக வந்து அண்டாவைத் திறந்து பார்ப்பார்கள். ஆட்டுக்கல் குழி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் எல்லாவற்றிலும் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவோரம் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். எட்டு வருஷம் அந்த வேலை. இந்த வீட்டுக்கும் வந்திருக்கிறாள். ஒருமுறை குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தட்டை உருவி, அதிலிருந்த தண்ணீரை ஒரு சிறு புட்டியில் ஊற்றி, வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "புழு இருக்கும்மா" என்றாள். எதிர் வீட்டுக்காரிக்குக் கேட்கிற குரலில் சொன்னாள். என் வீட்டில் புழு. நான் அதைப் பார்க்க மறுத்துவிட்டேன்.

அப்படி ஊரார் அண்டாவுக்குள் எல்லாம் எட்டிப் பார்த்தவள்தான் ஓட்டுக்கு வந்து நின்றாள். எந்த வீட்டில் குழாய் வரவில்லை, எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். சுயேச்சை. சின்னம் சீப்பு. எதிர்த்து நின்றது ஒப்பந்தக்காரர் ஒருவரின் மனைவி. அந்த அம்மாளுடைய சுவரொட்டியில் கணவன் முகம் முறம் அகலத்துக்கு இருந்தது, அம்மாளின் முகம் அஞ்சல் தலை அளவுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே ஜனங்கள் சீப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அறுபத்தொரு ஓட்டு வித்தியாசம். நான் போடவில்லை. வரிசையில் நிற்க முட்டி இடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் யாருக்குப் போடுவது?

அவள் அம்மா நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். உன் வயதுக்கு எடுப்புக் கக்கூஸ் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதுதான். எங்கள் தெரு வீடுகளில் கொல்லையின் கடைசியில் அது இருக்கும். அதன் பின்சுவரில் தரை மட்டத்தில் ஒரு தகரக் கதவு. அந்தக் கதவு பின்னால் இருந்த சந்தில் திறக்கும். நாலரை அடி அகலச் சந்து. விடியற்காலையில் அவள் அம்மா அந்தச் சந்து வழியாக வருவாள். துடைப்பக் கட்டையால் சுவரில் இரண்டு தட்டு. உள்ளே யாராவது இருந்தால் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதற்காக. பிறகு தகரக் கதவைத் திறந்து, எடுக்க வேண்டியதை எடுத்து, வாளியில் போட்டுக்கொண்டு போவாள். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. நாகரிகமான ஏற்பாடு.

நாங்கள் அவர்களைக் குறையாக நடத்தியதில்லை. அதையும் எழுதிக்கொள். தீபாவளிக்கு எங்கள் அம்மா ஒரு பழைய புடவையும் பலகாரமும் கட்டிச் சுவருக்கு மேலாகப் போடுவாள். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

எண்பத்து நாலில் தெருவில் எல்லாரும் செப்டிக் டேங்க் கட்டினோம். சந்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை இல்லாத இடத்தைச் சும்மா போட்டுவைப்பார்களா? அப்பா அதற்கு முன்னால் இரண்டு முறை நகர்மன்ற உறுப்பினராக இருந்தவர். சட்டம் தெரிந்தவர். கொல்லைச் சுவரை இடித்து நாலரை அடி தள்ளிக் கட்டினார். அவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றப் பத்து வீட்டுக்காரர்களும் தள்ளிக் கட்டினார்கள். அதற்குப் பெயர் முன்மாதிரி. இவள் அதற்கு வைத்திருக்கிற பெயர் ஆக்கிரமிப்பு.

அந்தச் சந்தைத் திறந்தால் எனக்கு என்ன போகிறது என்று நீ கேட்க வேண்டும். கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மற்ற வீடுகள் பலவற்றுக்குப் போவது ஒரு முருங்கை, ஒரு துணி காயும் கொடி. எனக்குப் போவது குளியலறை. ஆறு வருஷத்துக்கு முன் முட்டி இரண்டும் தேய்ந்து போனபோது, சந்தாக இருந்த அந்த இடத்தில்தான் அதைக் கட்டினேன். உட்காருகிற மாதிரிக் கழிப்பறை, வழுக்காத ஓடு, இரண்டு பக்கமும் கைப்பிடி. என் கட்டிலிலிருந்து பதினான்கு அடி. சுவரைத் தொட்டுக்கொண்டே போய்விடலாம். இன்னொன்று மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி. மாடி எனக்கு இப்போது வேறு ஊர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைபிடித்து அழைத்துப்போக ஆள் இல்லை. அதைப் பற்றி உன் பத்திரிகை கேட்கவில்லை, விட்டுவிடு.

எங்களுக்குப் பின்னால், சந்துக்கு அந்தப் பக்கம், குளத்துமேட்டுத் தெரு. பெயரில் மட்டும் மேடு. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் சந்து வழியாகத்தான் வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்ததாம். போன ஐப்பசியில் ஒன்பது நாள் முழங்கால் அளவு தண்ணீர். அங்கன்வாடியை மூடினார்கள். ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்ததைத் தொலைக்காட்சியில்கூடக் காட்டினார்கள். நான் ஒன்று கேட்கிறேன். நாற்பது வருஷமாக நிற்கிற தண்ணீர். இன்னுமா பழகவில்லை?

அவள் உறுப்பினரான முதல் மாதமே ஆரம்பித்துவிட்டாள். சந்தைத் திறக்க வேண்டும், அதில் வடிகால் கட்ட வேண்டும். நில அளவையரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு, பழைய நகரளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பதிவேட்டில் எங்கள் தெருவுக்கான பக்கம் இல்லை. கிழிந்திருந்தது. அப்பா காலத்திலேயே கிழிந்துவிட்டது என்று சொல்வார்கள். காகிதம்தானே, கிழியும். பக்கம் இல்லை என்றால் சந்து இல்லை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அவள் முடிக்கவில்லை. மாதா மாதம் கூட்டத்தில் எழுந்து அதையே கேட்டாள். கடைசியில் துணைத்தலைவர் மாசிலாமணி ஒரு வழி கண்டுபிடித்தான். பதினோரு வீட்டில் ஒன்று அவனுடையது. அவன் வீட்டில் பாதிச் சமையலறை சந்தில்தான் இருக்கிறது. என் மாணவன் அல்ல, அந்தப் பழி எனக்கு இல்லை. என் மாணவி ஒருத்தியின் கணவன். இங்கே வந்து, நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து, திட்டத்தைச் சொன்னான். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருவது. அப்படி ஒரு சந்து எக்காலத்திலும் இருந்ததில்லை, அது வீட்டுக்காரர்களின் அனுபவத்தில் உள்ள தோட்டம் என்று மன்றம் முடிவு செய்துவிட வேண்டியது. கூட்ட நிரலில் அது பொருள் எண் நாற்பத்து மூன்று. அதற்கு ஆதாரமாக இணைக்கத் தெருவில் மூத்தவர் ஒருவரின் மனு வேண்டும்.

"ரெண்டே வரி போதும் டீச்சர். சந்துன்னு ஒண்ணு கிடையாது, எங்க தாத்தா காலத்துலேருந்து தோட்டம்தான்னு எழுதி ஒரு கையெழுத்து. மொத்தம் அறுபத்தஞ்சு பொருள் இருக்கு. ஆல் பாஸ்ல போயிடும்" என்றான்.

உனக்கு ஆல் பாஸ் தெரியுமல்லவா? செய்தி எழுதுகிறவள், தெரிந்திருக்கும். எழுத்தர் முதல் பொருளைப் பாதி படிப்பார். உடனே நாலு பேர் மேசையைத் தட்டி 'ஆல் பாஸ், ஆல் பாஸ்' என்பார்கள். அறுபத்தைந்து பொருளும் அந்த நொடியில் நிறைவேறிவிடும். பிறகு மிக்சரும் தேநீரும். இந்த ஊரின் சாலை, விளக்கு, சாக்கடை, சுடுகாடு எல்லாம் மிக்சர் வருவதற்குள் தீர்மானமாகிவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்ற ஆட்சிமுறை.

இரண்டு வரி எழுதச் சொன்னான். என்னிடம். முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் உரைநடை கற்பித்தவளிடம். பால் கணக்கு எழுதுகிறவர்களிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டான்.

நான் நான்கு பக்கம் எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. முதல் பக்கம் தெருவின் வரலாறு, அந்த இடம் எங்கள் தோட்டம் என்பது. இரண்டாம் பக்கம் அப்பாவின் பொதுத்தொண்டு. நான்காம் பக்கம் முடிவுரை. மூன்றாம் பக்கத்தை அவளுக்காக ஒதுக்கினேன். இப்படி ஒரு கோரிக்கையைக் கொண்டுவருகிறவள் யார், எங்கிருந்து வந்தவள் என்று மன்றத்துக்குத் தெரிய வேண்டாமா? நீ இன்று கேட்கிற பின்னணியை அன்றைக்கே எழுதிவிட்டேன். எழுதி முடித்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு என் குரல் எனக்குப் பிடித்திருந்தது.

மாசிலாமணி அதைப் படிக்கவில்லை. கையில் வைத்துக் கனம் பார்த்துவிட்டு, "சூப்பர் டீச்சர்" என்று சொல்லிக் கோப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான். அவன் படிக்கிற நீளமான எழுத்து கைபேசியில் வருகிற வாழ்த்துச் செய்திதான்.

கூட்டத்துக்குப் போனேன். ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். பார்வையாளர் வரிசையில் முன் நாற்காலி கொடுத்தார்கள். தலைவி மேடையில் உட்கார்ந்திருந்தார். தலைவியின் கணவர் வாசல் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் தலையசைத்தால் இவர் தலையசைப்பார். ஒருவர் தூங்கினார், ஒருவர் காது குடைந்தார். எங்கள் அப்பா உட்கார்ந்த மன்றம் அது.

எழுத்தர் முதல் பொருளை எடுத்தார். நாலு பேர் மேசையைத் தட்டினார்கள். ஆல் பாஸ் ஆயிற்று. மிக்சர் தட்டு உள்ளே வருகிற நேரம், அவள் எழுந்து நின்றாள். சாதாரண நூல் புடவை. கையில் பொருள் நிரல், ஓரமெல்லாம் பென்சில் கோடு. அறுபத்தைந்தையும் படித்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். படித்துப் பழக்கம் இல்லாதவர்கள் அப்படித்தான், எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள்.

நாற்பத்து மூன்றாம் பொருளை விவாதிக்க வேண்டும் என்றாள். எல்லாம் நிறைவேறிவிட்டது என்றார் தலைவி. தீர்மானப் புத்தகத்தில் இன்னும் எழுதவில்லையே, எழுதுகிற வரைக்கும் உறுப்பினருக்குக் கேட்க உரிமை இருக்கிறது என்றாள். தலைவி தூணைப் பார்த்தார். தூண் ஆணையரைப் பார்த்தது. ஆணையர் புதியவர், சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, கேட்கலாம் என்றார். இணைப்பைப் படிக்கச் சொன்னாள். எழுத்தருக்குத் தொண்டை சரியில்லை. "குடுங்க சார், நான் படிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

என் மனுவை அவள் படித்தாள். வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல், தலைப்பிலிருந்து.

உன்னிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என் எழுத்தை ஒரு சபை கேட்டது அன்றைக்குத்தான். முதல் பக்கத்தில் மிக்சர் கொறிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாம் பக்கத்தில் அது நின்றது. மூன்றாம் பக்கம் வந்தபோது மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. எனக்கு அந்த வாக்கியம் மனப்பாடம், சொல்கிறேன் கேள். 'வைகறை தோறும் எங்கள் இல்லங்களின் பின்னுள்ள சந்தின் வழியே, இரும்பு வாளியை இடுப்பில் ஏந்தி, ஆண்டின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் தவறாது வந்து, துடைப்பக் கட்டையால் சுவரைத் தட்டிக் கழிவகற்றிச் சென்ற நகராட்சிப் பணிப்பெண்ணின் மகளே இன்று அச்சுவரை இடிக்கக் கோருகிறார்.'

நீண்ட வாக்கியம். எங்கே மூச்சு விடுவாளோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. சரியான இடத்தில் விட்டாள். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. என் உரைநடைதான் அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது என்று நினைத்தேன்.

படித்து முடித்துத் தாள்களை அடுக்கினாள். மனுதாரர் பேராசிரியர் திரிபுரசுந்தரி இங்கே வந்திருக்கிறார், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றாள். தலைவி தூணைப் பார்ப்பதற்குள் ஆணையர் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"இந்த மூணாவது பக்கம் நெசமாம்மா?"

மாசிலாமணி எனக்கு நேராக உட்கார்ந்திருந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை இடவலமாக ஆட்டினான். இல்லை என்று சொல்லச் சொல்கிறான். கேள்விப்பட்டதை எழுதினேன், வயதாகிவிட்டது, நினைவு பிசகு என்று ஏதாவது சொல்லச் சொல்கிறான். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அத்தனை பேர் கேட்ட பிறகு, அப்படி வந்து விழுந்த ஒரு வாக்கியத்தை நானே பொய் என்று சொல்வதா? ஒரு கொசு ஒழிப்புப் பணியாளர் கேட்டாள் என்பதற்காகவா?

எழுந்து நின்றேன். முட்டி வலித்தது. "ஒவ்வொரு சொல்லும் உண்மை" என்றேன்.

"அப்ப எங்கம்மா சந்து வழியாத்தான் வந்திருக்காங்க. நகராட்சி ஆளு, நகராட்சி வாளி, நகராட்சி சந்து. யாரு வீட்டுத் தோட்டத்துக்குள்ளயும் பூந்து வரல. இந்த மனுவை ஆதாரமாப் பதிவு பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான். ஒரு அழகான உரைநடையைக் கையில் கொடுத்தால் இவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான். உவமை தெரியாது, நடை தெரியாது. வாளியும் சந்தும்தான் கண்ணுக்குத் தெரியும். நாற்பத்து மூன்றாம் பொருள் தள்ளுபடி. சந்தைத் திறந்து வடிகால் கட்டுவதென்று அன்றைக்கே தீர்மானம். கை தூக்கச் சொன்னபோது மாசிலாமணியும் தூக்கினான். ஆட்டோவில் ஏறும்போது என்னிடம் வந்து, "ரெண்டு வரிதானே டீச்சர் கேட்டேன்" என்றான். அழுகிற மாதிரி இருந்தான்.

வக்கீலிடம் போனேன். தடை உத்தரவு வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டே மனுவின் நகலைப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இத எழுதினது எதிர்க்கட்சி வக்கீல்னு நெனச்சேம்மா" என்றார். கட்டணம்கூட வாங்கவில்லை. அவ்வளவு மோசமாம் வழக்கு.

பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு ஒட்டினார்கள். என் குளியலறைக் கதவிலேயே ஒட்டினார்கள். அப்பாவின் அலுவல் அறையில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று கொத்தனார் சொன்னான். அந்த அறையில் அந்தக் காலத்தில் கலெக்டர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அதில் பீங்கான் பதிக்கச் சொல்கிறான். வேறு இடம் இல்லை. குறைந்தது ஒரு மாதம் ஆகுமாம். மிச்சமிருக்கிற பதினைந்து நாளுக்கு நான் எங்கே போவது? வாளி வைத்துக்கொண்டு உட்காருவதா? யார் எடுத்துக் கொட்டுவது?

நகராட்சியில் கேட்டதற்கு, முதியவர்களுக்குக் காலநீட்டிப்பு கோர ஒரு படிவம் இருக்கிறது என்றார்கள். அதில் வார்டு உறுப்பினரின் சான்று வேண்டும். வேறு வார்டு உறுப்பினர் தரலாமா என்று கேட்டேன். கூடாதாம்.

போன வெள்ளிக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். குளத்துமேட்டுத் தெருவுக்குள் என் வாழ்நாளில் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். எங்கள் கொல்லைச் சுவரிலிருந்து கூப்பிடு தூரம், ஆனால் சுற்றிக்கொண்டு போக ஆட்டோவுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஓட்டு வீடு. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, தண்ணீர் நின்ற அடையாளம், தெரு முழுக்க ஒரே மட்டத்தில். வாசலில் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "முதியோர் பென்ஷனாம்மா? பெரிய தெருக்காரங்களுக்கும் தர்றாங்களா இப்ப?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் முறை வருகிற வரைக்கும் நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னை முன்னால் கூப்பிடவில்லை, அதைக் கவனித்துக்கொள். வரிசைப்படிதான் கூப்பிட்டாள். படிவத்தை வாங்கி, முழுவதும் படித்தாள். முட்டி எக்ஸ்-ரேயைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ.

"ஒரு மாசம் தரச் சொல்லி எஞ்சினியர்கிட்ட பேசறேன். ஐப்பசி பொறக்கறதுக்குள்ள எடுத்துடணும்மா. அதுக்கு மேல என்னால முடியாது, தண்ணி வந்துரும்" என்றாள். கடுமையாகவும் சொல்லவில்லை, கனிவாகவும் சொல்லவில்லை. கடைக்காரர் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். நான் சரி என்றேன்.

படிவத்தின் அடியில் சான்று. 'விண்ணப்பதாரரை எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியும்' என்று அச்சிட்டு, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். பேனாவைத் திறந்துகொண்டு நிமிர்ந்தாள்.

"எத்தன வருஷம்னு போடட்டும்மா?"

"இரண்டு. தேர்தல் நடந்ததிலிருந்து."

"நாப்பத்திரண்டுன்னு போடறேன்."

அரசாங்கத் தாளில் இப்படி ஒரு பொய்யா என்று எனக்குச் சுருக்கென்றது. உன்னை நான் அப்போது பார்த்ததே இல்லை, உன்னை எனக்குத் தெரியாது என்றேன்.

"உங்களுக்கு என்னைத் தெரியுமான்னு இதுல கேக்கலம்மா. எனக்கு உங்களத் தெரியுமான்னுதான் கேட்டிருக்கு."

எழுதிவிட்டாள். கையெழுத்துப் போட்டு முத்திரையை ஊதிக் காயவைத்தாள். பிறகு, தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மாடில சன்னலோரம் உக்காந்து எழுதிக்கிட்டிருப்பீங்க. பச்ச சன்னல். எங்கம்மா கட்டையால தட்டினதும் எந்திரிச்சுச் சாத்துவீங்க. நாலாவது வீடு. நான் வாளிகிட்ட நின்னு மேலயே பாத்துக்கிட்டிருப்பேன், திரும்ப எப்பத் தெறக்கும்னு. நாங்க போற வரைக்கும் தெறந்ததில்ல."

அந்தக் கிழவர் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நான் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் உடனே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. தப்பான தகவல் உள்ள தாளை நான் எப்படி நீட்டுவது? எங்கள் வீட்டுச் சன்னல் பழுப்பு. எனக்கு நினைவு தெரிந்து பழுப்பு. இவள் ஏதோ வேறு வீட்டை, வேறு யாரையோ பார்த்துவிட்டு என் தலையில் கட்டுகிறாள். அதை நிரூபித்துவிட்டு, எண்ணை அடித்துத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் மாடி ஏற முடியாது. கொத்தனாரைக் கூப்பிட்டு, மேலே போய்ச் சந்துப் பக்கத்துச் சன்னலைக் கொஞ்சம் சுரண்டிப் பார், பழுப்புக்கு அடியில் என்ன நிறம் என்று சொல் என்றேன். எதற்கு என்று கேட்டான். சொல்லவில்லை.

இதோ, இந்தக் கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மேலே கரண்டியால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. பிறகு படியிலிருந்து குனிந்து எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"அடில பச்சதாம்மா."

அன்று மதியமே படிவத்தைக் கொடுத்தனுப்பிவிட்டேன். எண்ணை நான் திருத்தவில்லை.